குரங்குப்பட்டடைக்கு ஒரு நடைப்பயணம்!

குழந்தைகளே! "குரங்குப்பட்டடை" என்று ஓர் இடத்துக்குப் பெயர் இருந்தால் அங்கே என்ன இருக்கும் என்று நினைப்பீர்கள்? மரத்துக்கு மரம் குரங்குகள் தாவிக்கொண்டிருக்கும் என்றுதானே? அங்கே போய்ப் பார்த்தால் ஒரு குரங்கும் இருக்காது. பொட்டல் காட்டில் வட்ட வட்டமாகக் கற்கள் கிடக்கும். வட்டத்தின் நடுவே பெரிய பெரிய பலகைக் கற்கள் மண்ணில் பாதி புதைந்திருக்கும். அவ்வளவுதான்!

புதுக்கோட்டைச் சீமையில் ஊர் மக்கள் இந்தக் கற்களைத்தான் குரங்குப்பட்டடை என்கிறார்கள். உண்மையில் அவை இரண்டாயிரம், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நம் முன்னோர்களின் கல்லறைகள். வேறு ஊர்களில் இவற்றையே பாண்டவர் குழி என்பார்கள். குள்ளர் வீடு என்பார்கள். வாலியர் வீடு என்றும் சொல்வார்கள். கட்டியவர்கள் யார் என்பது காலப்போக்கில் மறந்து போயிற்று. ஆகவே, "இவ்வளவு பெரிய கல்லைச் சாதாரண மனிதனா தூக்கியிருப்பான்? வனவாசம் வந்த பீமன்தான் தூக்கியிருப்பான்" என்று ஊரார் கதை கட்டினார்கள். சிறு அறை போலிருந்த கல்திட்டையைப் பார்த்துவிட்டு, "இதற்குள் குள்ளர்கள் குடியிருந்தார்கள்" என்றார்கள்.

இப்படிப்பட்ட பழங்கால இடங்களையும், அவற்றுக்கு இட்டுச் செல்லும் பழைய பாதைகளையும் தேடி நடப்பது ஓர் அருமையான பொழுதுபோக்கு. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

இங்கிலாந்தில் ஒரு கிழட்டுப் பாதை

இங்கிலாந்து நாட்டில் "ரிட்ஜ்வே" என்று ஒரு பாதை உண்டு. குன்றுகளின் முதுகு மேலேயே போகும் பாதை அது. பள்ளத்தாக்கில் சேறும் காடும் இருந்ததால், அக்கால மக்கள் மேட்டு நிலத்தின் வழியாகவே ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தார்கள். இன்று அதில் 139 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதையாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதை ஆவ்பரி என்ற பிரம்மாண்டமான கல்வட்டத்துக்கு அருகில் தொடங்குகிறது. வழியில் மலைச்சரிவில் சுண்ணாம்புப் பாறையைக் கீறி வரைந்த ஒரு பெரிய வெள்ளைக் குதிரை இருக்கிறது. அதற்கு வயது சுமார் மூவாயிரம்!

அதற்குச் சற்றுத் தள்ளி ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு கல்லறை உள்ளது. அதன் பெயர் "வேலண்டின் கொல்லுப்பட்டறை". கண்ணுக்குத் தெரியாத ஒரு கொல்லன் அங்கே இருக்கிறானாம். குதிரையையும் ஒரு காசையும் இரவில் விட்டுவிட்டு வந்தால், காலையில் குதிரைக்கு லாடம் கட்டியிருக்குமாம்! நம் ஊரில் குள்ளர் வீடு. அங்கே மாயக் கொல்லன் வீடு. கடல் தாண்டிப் போனாலும் மனிதர்கள் ஒரே மாதிரிதான் கதை கட்டுகிறார்கள், பார்த்தீர்களா?

அந்நாட்டில் இன்னொரு வேடிக்கை. 1970-ஆம் ஆண்டு சாமர்செட் என்ற பகுதியில், சதுப்பு நிலத்தில் வாய்க்கால் சுத்தம் செய்துகொண்டிருந்த ரே ஸ்வீட் என்பவர் ஒரு பழைய மரப்பலகையைக் கண்டார். தோண்டிப் பார்த்தால், சதுப்பின் மேல் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட பலகைப் பாதை! மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்து, அந்த மரங்கள் கி.மு. 3807-3806 வாக்கில் வெட்டப்பட்டவை என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் பாதைக்கு "ஸ்வீட் ட்ராக்" என்று பெயர். மிட்டாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கண்டுபிடித்தவர் பெயர் அது!

அந்நாட்டு அரசு அச்சிடும் நில வரைபடங்களில் இத்தகைய பழைய இடங்களை ஒரு தனி வகைப் பழைய எழுத்தில் குறித்திருப்பார்கள். விடுமுறை நாளில் பள்ளிப் பிள்ளைகள்கூட அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து போய்ப் பார்த்து வருவார்கள்.

நம்மிடம் அப்படிப்பட்ட பாதைகள் இல்லையா என்று கேட்கிறீர்களா? நிறையவே இருக்கின்றன!

மலைக்குப் போகும் படியில்லாப் பாதை

திருச்சி மாவட்டம் உப்பிலியபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் கொல்லிமலை தெரியும். வடகிழக்கே பார்த்தால் பச்சைமலை தெரியும். கொல்லிமலை அடிவாரத்தில் புளியஞ்சோலை இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வரும் ஐயாறு அங்கே பாறைகளுக்கு நடுவே சலசலத்து ஓடுகிறது. விடுமுறையில் குளிக்கப் போயிருப்பீர்கள்.

அந்தப் புளியஞ்சோலையிலிருந்து மலைமேல் உள்ள ஆகாயகங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஒரு காட்டுப் பாதை ஏறுகிறது. இப்போது நாமக்கல் பக்கமிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை இருக்கிறது. பேருந்திலேயே மேலே போய்விடலாம். சாலை வருவதற்கு முன்பு? மலைவாழ் மக்கள் பலாப்பழத்தையும் வாழைத்தாரையும் தேனையும் தலைச்சுமையாகச் சுமந்து இத்தகைய பாதைகளில்தான் இறங்கினார்கள். உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு அதே பாதையில் ஏறினார்கள். ஆடிப்பெருக்குச் சமயத்தில் அறப்பளீஸ்வரரைத் தரிசிக்கப் போகும் பக்தர்கள் பலர் இன்றும் புளியஞ்சோலையிலிருந்து நடந்தே ஏறுகிறார்கள்.

கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். ஓரியைத் தேடி வந்த பாணர்களும் புலவர்களும் எப்படி வந்தார்கள்? அந்தக் காலத்தில் ஏது பேருந்து? யாழைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துதானே வந்திருக்க வேண்டும்!

மலைவாழ் மக்களிடம் ஒரு வழிவழிக் கதையும் இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்தார்களாம். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்களாம். இந்தக் கதையும் ஒரு நடைப்பயணக் கதைதான்.

பிள்ளையாரான கோடரி

நான் சொன்ன இந்த மலைகளில் ஓர் அதிசயம் உண்டு. கொல்லிமலை, சேர்வராயன் மலை, ஜவ்வாது மலைப் பகுதிகளில் சில சிறு கோயில்களில், மரத்தடியில், உள்ளங்கை அளவுள்ள வழவழப்பான கற்களை வரிசையாக வைத்து, திருநீறு பூசி, பிள்ளையாராகக் கும்பிடுகிறார்கள். ஒரு முனை கூராகவும் மறுமுனை அகலமாகத் தீட்டியும் இருக்கும்.

அவை என்ன தெரியுமா? கற்கோடரிகள்! இரும்பு வருவதற்கு முன்பு, புதிய கற்காலத்தில், மனிதன் கல்லைக் கல்லால் தட்டி உருவாக்கி, பிறகு தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மரப்பிடியில் செருகி மரம் வெட்டப் பயன்படுத்திய கருவிகள். அதற்கு நாலாயிரம் ஆண்டுகள் கூட ஆகியிருக்கலாம். உழும்போதும் காட்டில் நடக்கும்போதும் கிடைத்த அந்தக் கற்கள் இயற்கையாக உண்டானவை போல் இல்லாததால், மலைமக்கள் அவற்றைத் தெய்வமாக வைத்தார்கள்.

இதில் ஒரு நன்மை விளைந்தது. அருங்காட்சியகம் இல்லாத காட்டில், பக்தியே அந்தக் கருவிகளைப் பல தலைமுறைகளாகப் பாதுகாத்துக் கொடுத்திருக்கிறது. அங்கே போனால் கும்பிட்டுவிட்டு வர வேண்டும். ஒரு கல்லைக்கூடத் தொட்டு எடுக்கக் கூடாது.

படிக்கத் தெரியாதவருக்கும் ஒரு கைகாட்டி

பழந்தமிழகத்தில் பெரிய சாலைகளுக்குப் "பெருவழி" என்று பெயர். கோயம்புத்தூருக்கு அருகே சுண்டக்காமுத்தூரில் ஒரு பாறையில் "இராசகேசரிப் பெருவழி" என்று கல்வெட்டே இருக்கிறது. சோழர் காலத்துக் கல்வெட்டு அது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போகும் வணிகர்கள் அந்தப் பகுதியைக் கடந்துதான் சென்றார்கள். நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணல் இந்த வணிக வழியில் இருந்த ஊர். அங்கே அகழாய்வில் வண்ண வண்ணக் கல்மணிகள், இரும்புப் பொருட்கள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. அதே வழியில் கிழக்கே வந்தால் கரூர். அங்கே அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. காவிரிக்கரையோடு இன்னும் கிழக்கே வந்தால் நம் உறையூர்!

தருமபுரிப் பக்கம் "அதியமான் பெருவழி" என்று ஒரு சாலை இருந்தது. அந்தச் சாலையோரம் நட்டிருந்த மைல்கற்கள் கிடைத்திருக்கின்றன. அக்காலத்தில் மைல் ஏது? காதம்தான் கணக்கு. ஒரு கல்லில், நாவல் தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று எழுதியிருக்கிறது. தாவளம் என்றால் வணிகர்கள் தங்கும் இடம்.

அந்தக் கல்லில் எழுத்தோடு சில குழிகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. 2 பெரிய குழிகள். 9 சிறிய குழிகள். எதற்காக இருக்கும்? மேலே படிக்காமல் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

கண்டுபிடித்துவிட்டீர்களா? பெரிய குழி ஒன்றுக்குப் பத்து. சிறிய குழி ஒன்றுக்கு ஒன்று. ஆக 29! மாட்டின் முதுகில் பொதி ஏற்றி வரும் எல்லோருக்கும் எழுதப் படிக்கத் தெரியுமா? தெரியாதவர்கள் குழியை எண்ணித் தூரத்தைத் தெரிந்துகொள்ளட்டும் என்று யோசித்திருக்கிறார்கள். இருட்டில் வந்தவர்கள் விரலால் தடவிக்கூட எண்ணியிருக்கலாம். சுமார் 700 ஆண்டுகளுக்கு முன்பே எவ்வளவு நல்ல மனசு, பாருங்கள்!

ஒரே காலையில் மூன்று காலம்

திருச்சி, புதுக்கோட்டை மாவட்டப் பிள்ளைகள் பெற்றோருடனோ ஆசிரியருடனோ ஒரே நாளில் போய் வரக்கூடிய இடம் சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். அன்னவாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொதுவாக எல்லோரும் ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வெயில் ஏறும் முன் போய் நடந்து பாருங்கள்.

முதலில், மலைக்கு வெளியே சமவெளியில் உள்ள கல்வட்டங்களைப் பாருங்கள். இவைதான் நாம் தொடக்கத்தில் பேசிய குரங்குப்பட்டடைகள். நான்கு பலகைக் கற்களைப் பெட்டி போல் நட்டு, மேலே ஒரு பெரிய கல்லால் மூடி, சுற்றிலும் வட்டமாகக் கற்களை வைத்திருக்கிறார்கள். இதுபோன்ற கல்லறைகள் பலவற்றில் ஒரு பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளையும் இருக்கும். பாறைமேல் தீ மூட்டிச் சூடேற்றி, தண்ணீர் ஊற்றிப் பிளந்து இந்தப் பலகைகளை எடுத்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உள்ளே எலும்புகளோடு பானைகள், இரும்புக் கருவிகள், மணிகள் ஆகியவற்றை வைத்தார்கள். பானைகளில் சில, வெளியே சிவப்பாகவும் உள்ளே கறுப்பாகவும் இருக்கும். சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் படாத உள்பக்கம் கறுத்துவிடும். காற்றுப் படும் வெளிப்பக்கம் சிவக்கும். இரண்டு நிறப் பானையின் ரகசியம் அதுதான்.

இரண்டாவதாக, மலைமேல் ஏறுங்கள். உச்சிக்குப் போய் மறுபக்கம் இறங்கினால் ஒரு குகை. பாறையில் காலூன்ற ஏழு படிக் குழிகள் வெட்டியிருப்பதால் அதற்கு "ஏழடிப்பட்டம்" என்று பெயர். உள்ளே சமண முனிவர்கள் படுத்த 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. தலையணை போலக் கல்லையே சற்று உயர்த்திச் செதுக்கியிருப்பார்கள். பெரிய படுக்கை ஒன்றில் தமிழி எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது. வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் போக வேண்டும், ஓடவே கூடாது.

மூன்றாவதாக, அறிவர் கோயில். அதன் மேற்கூரையில் தாமரைக் குளமும், யானையும், மீனும், பூப்பறிக்கும் மனிதர்களும் வரையப்பட்டிருக்கிறார்கள். கி.பி. 9-ஆம் நூற்றாண்டு ஓவியம் அது.

இரும்புக் காலம், தமிழி எழுத்தின் காலம், பாண்டியர் காலம் என்று மூன்றையும் ஒரே காலையில் காலாலேயே கடந்துவிட்டீர்கள்!

பதினைந்து லட்சம் ஆண்டுகள்

இன்னும் பின்னால் போக வேண்டுமா? சென்னைப் பக்கம் போங்கள். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் ஒரு குழியில் கிடந்த கல்லைக் கையில் எடுத்தார். மனிதன் செதுக்கிய கருவி அது என்று கண்டுகொண்டார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு தொடங்கியது அன்றுதான். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்பவருடன் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்துக்குப் போய் மேலும் பல கருவிகளைக் கண்டார். பின்னர் அங்கே சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் நடத்திய ஆய்வில், அக்கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011-இல் தெரியவந்தது.

அதே வட்டாரத்தில் குடியம் என்ற ஊருக்கருகே, காட்டுக்குள் நடந்து போய்ப் பார்க்க வேண்டிய குகைகள் உண்டு. பூண்டியில் இந்தக் கருவிகளைக் காட்டும் அருங்காட்சியகமும் இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் மல்லசந்திரம் போகலாம். அங்கே ஒரு பாறைக் குன்றின் மேல் கல்திட்டைகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. அதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு சுமார் 4,200 ஆண்டுகள் பழமையானது என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று தமிழக அரசு அறிவித்தது. நம் காலடியில் கிடக்கும் ஒரு பானை ஓடு, பாடப் புத்தகத்தையே மாற்றி எழுதச் செய்யக்கூடும் என்பது புரிகிறதா?

"புதையல் இருக்குமா, ஐயா?"

வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒரு பையன் எழுந்து, "ஐயா, அதுக்குள்ளே தங்கம் இருக்குமா?" என்று கேட்பான். பெரியவர்களில் சிலரும் இதையே நினைத்துத்தான் இரவோடு இரவாகக் கல்லறைகளைத் தோண்டிப் போட்டுவிடுகிறார்கள். உள்ளே இருப்பவை உடைந்த பானைகளும் துருப்பிடித்த இரும்பும்தான். ஏமாற்றத்தில் அவற்றையும் உடைத்து எறிந்துவிடுகிறார்கள்.

இது ஒரு பக்கம் என்றால், கல் குவாரிக்காக உடைபடும் குன்றுகள் இன்னொரு பக்கம். நிலத்தைச் சமன் செய்யும்போது பொக்லைன் இயந்திரம் ஒரே மதியத்தில் பத்துக் கல்வட்டங்களைப் புரட்டிவிடும். சாலையை அகலப்படுத்தும்போது பழைய சுமைதாங்கிக் கற்கள் ஓரத்தில் விழுந்து மண்ணுக்குள் போய்விடுகின்றன. சுமைதாங்கி என்ன என்று தெரியுமா? இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடப்பவர், யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறலாம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக இதைக் கட்டுவது வழக்கம். உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சுமைதாங்கி நின்றால், அந்த வழியாக ஒரு காலத்தில் மக்கள் சுமையோடு நடந்தார்கள் என்று பொருள்.

ஒரு பானை ஓடு கிடைத்தது என்றால், அது கிடைத்த இடமும், ஆழமும், பக்கத்தில் கிடந்த பொருளும் சேர்ந்துதான் அதன் வரலாற்றைச் சொல்லும். அதை எடுத்து வீட்டு அலமாரியில் வைத்துவிட்டால், நடுவிலிருந்து கிழித்த ஒற்றைத் தாள் மாதிரிதான். கதை போய்விடும்.

மண்ணுக்குள் பழம்பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆகவே உங்களுக்கு ஏதாவது கிடைத்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு, ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள். அவர்கள் மூலம் தொல்லியல் துறைக்குச் செய்தி போய்ச் சேரும்.

நடக்கப் போகும்முன்...

* தனியாகப் போகக் கூடாது. பெற்றோர், ஆசிரியர், உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் உடன் வர வேண்டும். காட்டுப் பாதை என்றால் வனத்துறை அனுமதி கட்டாயம்.

* மலையில் மழை பெய்தால் ஐயாறு போன்ற ஓடைகளில் திடீரென்று வெள்ளம் வரும். வானம் கறுத்தால் பயணத்தைத் தள்ளி வையுங்கள்.

* செருப்பு வேண்டாம்; காலை முழுதும் மூடும் காலணி நல்லது. தண்ணீர், தொப்பி, கடலை உருண்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

* கற்பலகை இடுக்குகளில் கையை விடாதீர்கள். பாம்பும் தேளும் அங்கேதான் குடியிருக்கும்.

* பாறையில் பெயர் எழுதாதீர்கள். சுண்ணாம்புக் கட்டியால்கூட எழுதக் கூடாது.

* ஒரு நோட்டும் பென்சிலும் போதும். கல்வட்டத்தைச் சுற்றி எத்தனை அடி நடந்தீர்கள், துளை எந்தத் திசையைப் பார்க்கிறது, ஊரார் அதை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு படம் வரையுங்கள்.

இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு வரைபடம் இருக்கிறது. நமக்கு ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள். மாடு மேய்த்த தாத்தாவுக்கும், விறகு பொறுக்கிய பாட்டிக்கும் எந்தக் கரட்டில் எந்தக் கல் கிடக்கிறது என்று தெரியும். பேருந்து வருவதற்கு முன் சந்தைக்கு எந்த வழியாக நடந்தோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்களிடம் கேட்க ஆளில்லாமல் போனால், அந்தப் பாதையும் அவர்களோடு போய்விடும்.

எனவே இந்த வார வீட்டுப்பாடம் இது. உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ, "உங்க காலத்துல சந்தைக்கு எந்த வழியா நடந்து போனீங்க? வழியில என்னென்ன கல்லு இருந்துச்சு?" என்று கேளுங்கள். சொல்வதைக் கேட்டு, நோட்டில் ஒரு வரைபடம் போடுங்கள். குளம், ஆலமரம், சுமைதாங்கி, பாண்டவர் குழி எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். தேதியும் போட்டு, உங்கள் வகுப்பு ஆசிரியரிடம் காட்டுங்கள்.